கருவி கண்டு அஞ்சாமை

குழந்தைகளின் உள்ளத்தில் இசை உறங்கிக்கொண்டிருக்கிறது என்ற உண்மையைக் கல்வித் துறை ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டுபிடித்தது. துறையின் மேலதிகாரி அப்போதுதான் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போய்த் திரும்பியிருந்தார். போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று குழல் ஊதி அவரை வரவேற்றார்களாம். அதுவரை அவரை அப்படி யாரும் வரவேற்றதில்லை. நான்கு மணிக்குள் சுற்றறிக்கை தயாராகிவிட்டது. அனைத்துத் தொடக்கப் பள்ளிகளிலும் கருவியிசைப் பயிற்சி உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும். கருவிகள் பின்னர் அனுப்பப்படும்.

அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்த பள்ளிகளில் ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் இருந்தார். பதினோரு வருட சர்வீஸ். வாய்ப்பாடும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்து, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவர். அவரைத் தலைமை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக உட்காரச் சொன்னார். டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க கிட்ட இப்படி ஒரு திறமை இருக்கறது எங்களுக்குத் தெரியாமப் போச்சே டீச்சர்!"

"என்ன திறமை சார்?"

தலைமை ஆசிரியர் பணிப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில், வேலைக்குச் சேர்ந்த நாளில் டீச்சரே எழுதியிருந்தார்: இசை கேட்டல்.

"சார், அது ரேடியோ. சமைக்கும்போது அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்."

"மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் 'தோட்டம்'. அஞ்சாங்கிளாஸ் சார் 'தூக்கம்'னு எழுதி, அடிச்சிட்டு, 'தியானம்'னு எழுதியிருக்கார். இந்தப் பள்ளிக்கூடத்துல இசையோட எழுத்துபூர்வமா சம்பந்தப்பட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே சார்!"

"வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு சுற்றறிக்கைல எங்கேயும் இல்ல. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

அன்றே நியமன ஆணை கைக்கு வந்தது. டீச்சர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கணக்குப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இருபத்து நான்கு குழந்தைகளுக்கு முன்னால் இசையாசிரியராக நின்றார்.

முதல் இரண்டு மாதம் கருவி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த வகுப்புகள் 'கருவியின் வருகைக்கு மனத்தளவில் ஆயத்தமாதல்' என்று பதிவாயின. கருவிக்குப் பதில் படிவம் வந்தது. ஊதுகுழல் ஊதப்போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணி மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும். டீச்சர் எண்ணி அனுப்பினார். எட்டு வயசுப் பிள்ளைகள் சுற்றறிக்கையைப் படிப்பதில்லை. வாரத்துக்கு ரெண்டு பேருக்குப் பல் விழுந்தது. விழுந்த பல்லுக்குத் திருத்திய அறிக்கை, முளைத்த பல்லுக்குக் கூடுதல் அறிக்கை. ஒருநாள் ஒரு பையன் ஆடுகிற பல்லைக் காட்டி, "டீச்சர், இதை இருக்குன்னு எழுதுவீங்களா, இல்லைன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டான். டீச்சர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வருவதற்குள் பல் விழுந்துவிட்டது.

மூன்றாம் மாதம் பெட்டி வந்தது. உள்ளே இருபத்து நான்கு குழல்கள், வாயில் நேராக வைத்து ஊதுகிற வகை, பிளாஸ்டிக். இருப்புப் பதிவேட்டைப் பார்க்கும் கிளார்க் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார்.

"திருப்பி அனுப்பணும் டீச்சர். எல்லாமே டேமேஜ்."

"எங்கே சார் டேமேஜ்?"

"கண்ணு தெரியலையா? ஒவ்வொண்ணுலயும் முன்னால ஏழு ஓட்டை, பின்னால ஒண்ணு. இருபத்து நாலும் ஒரே மாதிரி ஓட்டை. லாரியில கோளாறு நடந்திருக்கு."

"அந்த ஓட்டை இருந்தாதான் சார் சத்தம் வரும்."

"ஓட்டை வழியா சத்தம் வருதுன்னா ஓட்டை இருக்குன்னுதானே அர்த்தம்?"

கடைசியில், ஓட்டைகள் தன் பொறுப்பில் ஏற்பட்டவை அல்ல என்று டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டி வகுப்புக்கு வந்தது.

இதற்கப்புறம் நடந்ததைத் துறை எதிர்பார்க்கவில்லை. டீச்சரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு குழலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், பெட்டிக்குள் கிடந்த படத்தைப் பார்த்து விரல் வைத்துப் பழகினார். முதல் வாரம் அவர் கணவர், குக்கர் விசில் என்று நினைத்து மூன்று முறை எழுந்து போய் அடுப்பை அணைத்தார். இரண்டாம் வாரம், "இது குக்கர் இல்லைன்னு இப்போ தெரியுது. என்னன்னுதான் தெரியல," என்றார். மூன்றாம் வாரம் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்.

டீச்சர் முந்தின நாள் கற்றதை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொன்னார். சில நாள் பிள்ளைகள் முந்திக்கொண்டு டீச்சருக்குச் சொன்னார்கள். ஒல்லியாக இருந்ததால் குண்டூசி என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெண், டீச்சர் மூச்சைப் பிடிக்கும் இடத்தில் தவறு கண்டுபிடித்துத் திருத்தினாள். ஐந்தே ஐந்து சுரங்களில் டீச்சர் ஒரு சின்ன மெட்டுக் கட்டினார். மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, இறங்கி வந்து முடிகிற மெட்டு. ஒரு திங்கட்கிழமை காலை இருபத்து நான்கு பேரும் அதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒன்றாக வாசித்துவிட்டார்கள். ரெண்டு பேர் பிந்தினார்கள், ஒருவன் முந்தினான். ஆனாலும் அது பாட்டுதான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிப்பதற்கு ஒன்றுமில்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தலைமை ஆசிரியர் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரைக் கேட்டு வாசிச்சாங்க?"

அறைக்குக் கூட்டிப்போய்த் திட்டக் கோப்பைப் பிரித்தார். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. முதலாம் ஆண்டு: கருவி குறித்த விழிப்புணர்வு. இரண்டாம் ஆண்டு: கருவியைப் பிடித்தல். மூன்றாம் ஆண்டு: காற்று. நான்காம் ஆண்டு: ஓசை. ஐந்தாம் ஆண்டு: இசை.

"சார், இந்தப் பிள்ளைங்க ரெண்டு வருஷத்துல அஞ்சாவது முடிச்சிட்டுப் போயிடுவாங்களே. ஓசை வர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துலயே இருக்க மாட்டாங்களே!"

"அது அடுத்த பள்ளிக்கூடத்தோட பிரச்சினை. நம்ம பிரச்சினை இது." அவர் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: முதலாம் ஆண்டு இறுதியில் மாணவர் அடைய வேண்டிய நிலை, கருவி கண்டு அஞ்சாமை. அதற்குக் கீழே பதினான்காம் விதி: திட்டத்தின் நோக்கம் நிறைவேறிய பள்ளிகளிலிருந்து கருவிகள் திரும்பப் பெறப்பட்டு, நிறைவேறாத பள்ளிகளுக்கு வழங்கப்படும்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வர்றார். இவங்க வாசிக்கறதக் கேட்டார்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குழல் எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

டீச்சருக்கு ஆறவில்லை. பஸ் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்கே போனார். சம்பந்தப்பட்ட பிரிவின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். ஒன்றரை மணி நேரம் மட்டும் காக்கவைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சார், எங்க பிள்ளைங்க வாசிக்கறாங்க."

"எழுத்துமூலமா குடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ இன்னும் வாசிக்கல. எதுக்குக் கவலைப்படறீங்க?"

"நேர்ல வந்து கேட்டா தெரிஞ்சிடுமே சார்."

கண்காணிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டினவங்க பல பேர் மாட்டியிருக்காங்க. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி காட்டினவங்கள்ல ஒருத்தர்கூட மாட்டினதில்ல. போயிட்டு வாங்க."

டீச்சர் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குழல்கள் போய்விடக் கூடாது.

மறுநாள் முதல் புதிய பாடம் தொடங்கியது. வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாசிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்க ஐந்து நாள்தான் இருந்தது.

"டீச்சர், கையில எடுத்தா விரல் தானா ஓட்டைக்குப் போகுது," என்றாள் குண்டூசி.

"போகக் கூடாது. மாங்காய் பறிக்கற கம்பு மாதிரி பிடி."

"இப்படியா?"

"இன்னும் மோசமா."

"இதுக்கு மேல மோசமா எனக்கு வரல டீச்சர்." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. டீச்சருக்கும்தான். ஆனால் புதன்கிழமைக்குள் வந்துவிட்டது. வியாழக்கிழமை வகுப்பே பிரமாதமாக ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்தார். பின்னாலேயே ஒரு ஆள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிகாரி ஒரு குழலை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்றார்.

"குழல் ஐயா!"

"இதைப் பார்த்தா பயமா இருக்கா?"

"இல்லீங்க ஐயா!"

அதிகாரி கோப்புக்காரரைப் பார்த்தார். கோப்புக்காரர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். தலைமை ஆசிரியருக்கு மூச்சு வந்தது. அதோடு போயிருக்கலாம். அதிகாரி போகவில்லை.

"யாராவது ஊதிக் காட்டுங்களேன், பார்ப்போம்."

குண்டூசி எழுந்தாள். டீச்சர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். குண்டூசி குழலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். தலைமாற்றி வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினாள். 'புஸ்' என்று காற்றும் கொஞ்சம் எச்சிலும் வந்தன. வகுப்பே வியந்து, "ஓ!" என்றது. அந்த 'ஓ' டீச்சர் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "எங்கேயுமே இப்படிப் பார்க்கல. மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் ஒண்ணு பயப்படறாங்க, இல்லாட்டி அங்கங்க ஒரு சத்தத்தை எழுப்பி அசிங்கப்படுத்திடறாங்க. இதுதான் திட்டம் எதிர்பார்க்கற தூய்மையான ஆரம்ப நிலை!"

பத்தே நாளில் ஆணை வந்தது. அந்தப் பள்ளி முன்மாதிரிப் பள்ளி. கருவிகள் அங்கேயே இருக்கும், கண்ணாடி அலமாரியில், சீல் வைத்து, பார்வைக்காக. மற்ற பள்ளி ஆசிரியர்கள் வெள்ளிதோறும் வந்து பயன்பெறுவார்கள். வந்து பார்க்கிறவர்களுக்காக ஒரே ஒரு குழல் மட்டும் வெளியே எடுக்கப்படும். டீச்சருக்கு மாவட்டப் பயிற்றுநர் என்ற பட்டமும், ஒரு சால்வையும், கோணலாக மாட்டிய சான்றிதழும் கிடைத்தன.

வெள்ளிக்கு வெள்ளி பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் நடித்துக் காட்டினார்கள். வாரத்துக்கு வாரம் நடிப்பு மெருகேறியது. நாலாம் வாரம், ஆட்கள் போன பிறகு, டீச்சர் அந்த ஒற்றைக் குழலைக் குண்டூசியிடம் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

"நம்ம பாட்டை வாசிம்மா. மெதுவா."

குண்டூசி குழலை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்ச மாதிரியா டீச்சர், தெரியாத மாதிரியா?"

டீச்சருக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை குண்டூசியின் அம்மாவை வரச்சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உங்க பொண்ணு அருமையா வாசிப்பா. நான்தான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"அய்யோ, என்ன டீச்சர் இப்படிப் பேசறீங்க?" அந்த அம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ வாசிப்பான்னு எனக்குத் தெரியாதா? வாசிச்சு என்னத்தக் கண்டா? அவங்க அப்பாவும் ஆபீஸ்ல எல்லா வேலையும் தெரிஞ்ச மனுஷன்தான். தெரியும்னு காட்டிக்கிட்டார், எல்லார் வேலையும் அவர் தலைல. ஒண்ணும் தெரியாதவன் மேனேஜர் ஆயிட்டான். என் பொண்ணுக்கு இந்த வயசுலயே அந்த சாமர்த்தியம் வந்திருக்கு. அவ தம்பிக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். சனிக்கிழமைல தனியா கிளாஸ் எடுப்பீங்களா?"

டீச்சர் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பதினோரு வருடத்தில் எந்தப் பெற்றோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதில்லை.

"காலைல பத்து மணிக்கு அனுப்புங்க," என்றார்.

முதல் சனிக்கிழமை முப்பத்தொரு பேர் வந்தார்கள். கடைசியாக ஒரு கார் வந்து நின்றது. கல்வி அதிகாரி தானே கதவைத் திறந்து, தன் ஏழெட்டு வயது மகனை இறக்கினார். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டாக்டரிடம் பேசுகிற தகப்பனின் குரலில் சொன்னார்:

"வயலின் நல்லா வருது டீச்சர். யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வந்திருக்கு. நாங்க வெளியில சொல்லல. சின்ன வயசுதானே, சரியாயிடும் இல்ல?"

டீச்சர் பையனின் விரல்களைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"ஒரே மாசத்துல வித்தியாசம் தெரியும் சார்," என்றார்.