அணைக்கக் கூடாத பெட்டி

"டக்" என்றது பெட்டி. சற்றே யோசித்துவிட்டு மறுபடியும், "டக்."

அருணா தரையில் மண்டியிட்டு, அதன்மேல் காதை வைத்துக் கேட்டாள். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் அந்தச் சிறிய ஆலையில் அவள்தான் தர ஆய்வு அலுவலர். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. அவளுடைய அறையில் வெர்னியர் அளவுகோல்கள்கூட நீள வரிசைப்படிதான் படுத்திருக்கும்.

அந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒரே பொருள் இந்தப் பெட்டி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. மூலையில் ஒரு முக்காலியின்மேல் படுத்தவாக்கில் பல ஆண்டுகளாக இரவுபகலாய் உறுமிக்கொண்டிருந்த பழங்காலக் கணினி. அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. "எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது" என்று சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். அதை எழுதியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. சிவப்பு மைக்கு அப்படியொரு மரியாதை.

அந்த மரியாதையைக் குலைத்தவள் அருணாவேதான். ஆயுத பூசையன்று லேத்து முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டபோது, இதற்கு மட்டும் ஓய்வு வேண்டாமா என்று அவள்தான் சுவிட்சைத் தட்டினாள். பெட்டியின் தலைமேல் தாம்பாள அளவுக்கு வட்டமாக ஒரு கறையும், சுண்ணாம்பு போல் ஏதோ வெள்ளையும் படிந்திருந்தன. அவற்றையும் முகம் சுளித்தபடி தேய்த்துக் கழுவினாள்.

விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால், "டக்."

அன்று காலையில்தான் முதலாளி திருமலை வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொல்லியிருந்தார்.

"அருணா, நம்ம வண்டிக் கம்பெனிக்காரங்க அந்தப் பழைய பிராக்கெட் பார்ட்ட மறுபடி கேக்கறாங்கம்மா. திங்கக்கிழம அவங்க ஆளு வர்றாரு. டிராயிங்க எடுத்து வெச்சிரு. இந்த ஆர்டர் வந்தாதான் ரெண்டாவது ஷிப்ட்ட ஓட்ட முடியும். இல்லாட்டி அந்த ஷிப்ட் ஆளுங்கள வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

"டிராயிங் எங்க சார் இருக்கு?"

"அந்தப் பழைய பெட்டியிலதான்."

"அதுல இல்லன்னா சார்?"

"இல்லாம எங்க போவும்? அணைக்கவே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கே, சும்மாவா எழுதுவாங்க?"

புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் திருப்பதி மலையேறும் அவசரத்தில் அவர் போய்விட்டார். வரைபடங்களைப் போட்ட பழைய வடிவமைப்பாளன் இளம்பரிதி இப்போது பெங்களூரில் இருந்தான். அவனைக் கேட்கலாம்தான். ஆனால் அவன் முதலாளிக்கு நாள்தோறும் காலை வணக்கம் அனுப்புகிறவன். "யாரு அணைச்சது?" என்பதே அவனுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

ஆகவே அருணா, இரண்டாம் ஷிப்ட்டின் மேற்பார்வையாளர் மாரிசாமியை அழைத்தாள்.

"அண்ணா, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"என் வாய்லருந்து வராது மேடம்" என்றவர், பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "இது பழைய பிரஸ் மெஷின் மாதிரிதான். கொஞ்சம் பயம் காட்டணும்."

அவள் தடுப்பதற்குள் உள்ளங்கையால் ஓர் அறை விட்டார். "டக்" என்றிருந்தது "கர்ர், டக்" என்று ஆனது.

"பாத்தீங்களா, பேச ஆரம்பிச்சிருச்சு."

"அண்ணா, ஹார்டு டிஸ்க்க அடிக்கக் கூடாது."

"அப்பிடியா? காலைல கேன்டீன்ல இட்லி தின்னீங்களா மேடம்? அதக் கொண்டாந்து இது மேல போட்டிருந்தா இன்னும் நல்லா அடி வுழுந்திருக்கும். கல்லு. பிரஸ்ல வெச்சு அழுத்தினா அதுவே பிராக்கெட்டு."

இட்லியைப் பற்றி அன்று ஆலையே பேசிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த சமையற்கூடம் மாதேஸ்வரியின் ராச்சியம். மாலையில் ஆய்வு அறையைக் கூட்டிப் பூட்டுகிறவளும் அவளே. அவளுடைய இட்லிக்காகவே பாகலூரிலிருந்து பட்டினியாக வருபவர்கள் உண்டு. பூசை முடிந்ததிலிருந்து அந்தக் கைப்பக்குவம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உளுந்தின் மேல் சிலரும் மழையின் மேல் சிலரும் பழி போட்டார்கள்.

அந்த மாதேஸ்வரியே தேநீரோடு உள்ளே வந்தாள். தேநீரை வைத்த பிறகும் போகவில்லை.

"மேடம், அந்தப் பொட்டி..."

"எந்தப் பெட்டி?" அருணாவின் குரல் சற்று உயர்ந்தது.

"அதானுங்க, சத்தமே காணமே. எப்ப ஓடும்?"

"உங்களுக்கு எதுக்குக்கா அது?"

"சும்மாதான் கேட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக வெளியேறினாள்.

அருணாவுக்கு விளங்கிவிட்டது. இவள் முதலாளியின் ஒற்றர். இனி இவளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பழுதான வன்வட்டைக் குளிரூட்டினால் சற்று நேரம் உயிர் வரும் என்று இணையத்தில் எவரோ எழுதியிருந்தார். எழுதியவருக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. ஆனாலும் அருணா நம்பினாள். ஆபத்துக்குப் பாவமில்லை. வட்டைக் கழற்றிப் பாலிதீன் உறையில் சுற்றிச் சமையற்கூடத்துக் குளிர்பெட்டியின் உறைநிலை அறைக்குள் வைத்தாள்.

"இது என்னாங்க மேடம்?" என்றாள் மாதேஸ்வரி.

"ஒரு பார்ட்டு. குளிர்ல டெஸ்ட் பண்றோம். தொட்டுடாதீங்க."

மாதேஸ்வரி தொடவில்லை. மழை தொட்டது. மழையில் மின்சாரம் போனது. மின்சாரம் போனதும் பனிக்கட்டி உருகியது. உருகிய நீர் உறைக்குள் இறங்கியது. கீழ்த்தட்டில் இருந்த பால் முழுவதும் திரிந்து, அது வேறு வழிந்தது. சனிக்கிழமைக் காலையில் முதல் ஷிப்ட்டுக்குத் தேநீர் இல்லை. கல் இட்லியை நனைத்து விழுங்கத் தேநீரும் இல்லாமல் போகவே ஊழியர்கள் கொதித்தார்கள். விசாரித்ததில், குளிர்பெட்டிக்குள் அருணா மேடம் வைத்த ஏதோ ஒரு 'பார்ட்டு'தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று காவலாளி வரைக்கும் தெரிந்தது.

"நமக்குள்ள இருக்கட்டும்னீங்களே" என்றார் மாரிசாமி.

"பேசாம வாங்கண்ணா. இதக் காய வைக்கணும்."

பெயிண்ட் உலர்த்தும் சூட்டுத் துப்பாக்கியால் மாரிசாமி வட்டைக் காய வைத்தார். மிகுந்த அக்கறையோடுதான் காய வைத்தார். பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் சிறியதாய் ஒரு பொறி, அதைவிடச் சிறியதாய் ஒரு புகை, பிறகு நிசப்தம்.

"சத்தம் நின்னுருச்சு பாருங்க மேடம்" என்றார் அவர் பெருமையோடு.

பிள்ளையார் பிடிக்கப் போன கதை என்பார்களே, அந்தக் கதையில் குரங்குகூடத் தேறவில்லை. அருணா பெட்டியை முழுதாக ஆட்டோவில் ஏற்றினாள். ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஹரீஷ்குமார் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பாதி நாள் கன்னடம், பாதி நாள் தமிழ் என்று இரு மொழியிலும் "முடியாது" சொல்லிப் பழகியவன்.

"ஆகல்லா மேடம், ஆகாது" என்றபடிதான் திருகாணியைக் கழற்றினான். மூடியைத் தூக்கியதும் மூக்கைச் சுளித்தான். "உங்க கம்பெனில பொட்டிக்குள்ள கோலம் போடுவீங்களா? எல்லாம் வெள்ளையாக் காஞ்சு கெடக்குது."

"ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சோம்."

"சந்தனம் மஞ்சளா இல்ல இருக்கும்? புளிச்ச வாட வேற அடிக்குது."

"அது பால் திரிஞ்சிருச்சுப்பா" என்று மாரிசாமி உண்மை விளம்பினார்.

ஹரீஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மேற்கொண்டு கேட்பது தொழிலுக்கு நல்லதன்று என்று தோன்றியிருக்க வேண்டும்.

"டிஸ்க்குக்குள்ள சுத்தற தட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். மேல இருக்கற போர்டுதான் எரிஞ்சுபோச்சு. இதே மாடல் டிஸ்க் இன்னொண்ணு இருந்தா, அதோட போர்ட எடுத்து இதுல மாட்டிப் பாக்கலாம். ஆனா கெடைக்காது. இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது."

அருணாவும் மாரிசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பெட்டிக்கு ஓர் இரட்டைப் பிறவி இருந்தது. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியது. அது முதலாளியின் அறையில் இருந்தது. அவர் அதில் காலையில் சுப்ரபாதம் கேட்பதோடு சரி.

"வாணாம் மேடம். சாமி பாத்துட்டிருக்கும்."

"சாமி இப்ப மலைமேல நம்ம மொதலாளியப் பாத்துட்டிருக்கும். நீங்க வாங்க."

முதலாளி அறையின் சாவி அவளிடம் இருந்தது. ஒழுங்கானவள் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்ட சாவி. அந்தச் சாவியைப் போட்டுத்தான் கதவைத் திறந்தாள். வட்டைக் கழற்றித் தாளில் பொதிந்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வழியில் மாதேஸ்வரி நின்றாள்.

"பொட்டி சரியாயிருச்சுங்களா மேடம்?"

"ஆகும்க்கா, ஆகும். நீங்க போய் உங்க இட்லியப் பாருங்க."

"அதத்தானுங்க பாக்கறேன்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்க அருணாவுக்கு நேரமில்லை.

ஹரீஷ்குமார் பலகையை மாற்றினான். வட்டு சுழன்றது. அழகாக, ஓசையின்றிச் சுழன்றது. மாரிசாமி கண்களை மூடிக் கைகூப்பினார். திரையில் எழுத்துகள் வந்தன. ஹரீஷ்குமார் இங்கே தட்டினான், அங்கே தட்டினான், தலையைச் சொறிந்தான்.

"டிராயிங் ஒண்ணுமே இல்லையே மேடம். சீட்டு வெளாட்டு மட்டும் இருக்கு. வெளாடறீங்களா?"

"அழிஞ்சுடுச்சா?"

"ஆளு அழிச்சதாவும் இருக்கலாம். அடிச்சு அழிஞ்சதாவும் இருக்கலாம்."

மாரிசாமி தம் வலது உள்ளங்கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அருணா கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அணைத்தாள், அவர் அறைந்தார், மழை நனைத்தது, துப்பாக்கி சுட்டது. இதில் எது வரைபடத்தைக் கொன்றது என்று பிரேத பரிசோதனை செய்தா பார்க்க முடியும்? இரண்டாம் ஷிப்ட்டில் வேலை பார்க்கும் அத்தனை பேரின் முகங்களும் அவளுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. அந்த வரிசையிலும் மாரிசாமிதான் முதலில் நின்றார்.

முதலாளியின் வட்டுக்குரிய பலகையைத் திரும்ப மாட்டுவதற்குள் கடையிலும் மின்சாரம் போயிற்று.

"திங்கக்கிழம காலைல நானே கம்பெனிக்கு வந்து மாட்டித் தர்றேன்" என்றான் ஹரீஷ்குமார்.

திங்கட்கிழமை அவனுக்கு முன்னால் முதலாளி வந்துவிட்டார். மொட்டைத் தலை, நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை. அறைக்குள் நுழைந்து சுப்ரபாதத்துக்காகச் சுவிட்சைப் போட்டார். கணினி வாய் திறக்கவில்லை.

"அருணா, என் மெஷினுக்கு என்னாச்சும்மா?"

அவள் அவர் முன்னால் வந்து நேராக நின்றாள். தப்பு செய்தாலும் அதை முறையாகச் சொல்ல வேண்டும் என்பதும் அவளுடைய கொள்கைகளில் ஒன்று.

"சார், பூசையன்னிக்கு அந்தப் பழைய பெட்டிய அணைச்சது நான்தான். அதுலருந்து அது எந்திரிக்கல. அதச் சரி பண்ண உங்க மெஷின் டிஸ்க்கையும் கழட்டிட்டேன். டிராயிங் போயிருச்சு சார்."

"அறைஞ்சது நானுங்க சார்" என்று மாரிசாமியும் வந்து பக்கத்தில் நின்றார்.

திருமலை நீட்டிய லட்டு நீட்டியபடியே நின்றது. பிறகு அதைப் பைக்குள் திரும்பப் போட்டார். கைப்பேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, இளம்பரிதியை அழைத்தார்.

"குட்மார்னிங் சார். தரிசனம் நல்லா ஆச்சா?"

"அத வுடுப்பா. அந்தப் பழைய பிராக்கெட் டிராயிங் வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"காப்பி என்ன சார், எல்லாமே உங்க ரூம் கம்ப்யூட்டர்லதான இருக்கு. நான் போறப்பவே மாத்தி வெச்சேன். பழைய பொட்டியச் சுத்தமாத் தொடச்சிட்டேனே. காயலாங்கடைக்குப் போட்ருங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான சார் வந்தேன்."

முதலாளி தம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அப்படி ஏதோ சொன்னதாக நினைவு வந்தது போலும்.

அந்நேரம் பார்த்து வாசலில் ஹரீஷ்குமார் வந்து நின்றான். அவன் கையில், செய்தித்தாளில் போண்டா மாதிரி சுற்றப்பட்டு, ஆலையின் வரைபடங்கள் அனைத்தும் இருந்தன. வெற்றுப் பெட்டிக்கு உயிர் கொடுப்பதற்காக, உயிருள்ளதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறோம் என்பது அருணாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹரீஷ்குமார் வட்டைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டான். முதலில் சுப்ரபாதம் வந்தது. பின்னால் பிராக்கெட் வந்தது. துளைகளும் வளைவுகளும் அளவுகளுமாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

மாரிசாமி ஒளித்து வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திருமலை லட்டை மறுபடியும் வெளியே எடுத்து, முதலில் அருணாவிடம் நீட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, இன்னும் இணைப்பில் இருந்த கைப்பேசியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, காயலாங்கடைக்குப் போடச் சொன்னவன், அப்பறம் எதுக்கு அது மேல அணைக்கக் கூடாதுன்னு செவப்புல எழுதி ஒட்டினே? ஊரே அதப் பாத்துத்தான நடுங்கிட்டுக் கெடக்குது?"

"நானா? நான் எதுவும் ஒட்டலையே சார்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளிக்குக் காலை உணவு கொண்டுவந்த மாதேஸ்வரி, அந்தத் தட்டையான இட்லிகளை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொட்டில சூடு இல்லன்னா, இந்த ஓசூர்க் குளுர்ல ராத்திரி அது மேல வெக்கிற மாவு எப்பிடிங்க சார் பொங்கும்?"