மேலே ஒரு வண்டி, கீழே ஒரு வண்டி

இன்றைக்கும் பின்னால் வரும் கார் ஹோர்ன் அடித்தால் என் கை தானாகக் காரின் கூரையைத் தடவிப் பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தும் நான் நகரவில்லை என்று யாராவது பொறுமையிழந்து அடித்திருப்பார். எனக்கோ என் காரின் மேல்பாதி கழன்று விழப்போகிறது என்றுதான் முதலில் தோன்றும். இத்தனை வருடமாக லண்டன் தெருக்களில் ஓட்டியும் இந்தப் பயம் போகவில்லை. அதற்குக் காரணம் என் கணவர், அவருடைய தம்பி குகன், பிறகு ஒரு பித்தளைத் தாம்பாளம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்தோம். என் கணவருக்கு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கும் மனிதருக்குப் பொழுதுபோக்காகக் கரம் விளையாட்டு போதாதோ? இவர் மாலை வகுப்பில் வெல்டிங் படித்தார். படித்த கை சும்மா இருக்குமா? கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் ஐம்பதுகளின் பிக்கப் ஒன்றைக் கண்டு, அன்றே கொண்டுவந்துவிட்டார். உருண்ட மூக்கு, தவளைக் கண் விளக்குகள், பின்னால் சாமான் ஏற்றும் பெட்டி. பார்க்க அழகுதான். ஆனால் அதன் அடிச்சட்டம், அதாவது சேசிஸ், துருப்பிடித்து ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

அதே நேரம் குகனின் நண்பர் ஒருவரின் ஜீப்பை லொறி ஒன்று பக்கவாட்டில் இடித்துவிட்டது. புது ஜீப். மேல்கூடு நசுங்கிவிட்டது; சேசிஸும் எஞ்சினும் அப்படியே இருந்தன. அண்ணனும் தம்பியும் அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினேன்.

பழைய பிக்கப்பின் கூட்டைப் புது ஜீப்பின் சேசிஸில் தூக்கி வைப்பது என்று முடிவாகியது. ஆறு மாதம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒடுக்கமான ஒழுங்கையில் இருந்த கராஜிலிருந்து பொறி பறந்தது. என் இடியப்பத் தட்டுகள் நட்டுப் போட்டு வைக்கப் போயின. ஒருநாள் கராஜுக்குத் தேநீர் கொண்டுபோய், "இஞ்சருங்கோ, மேல இருக்கிறது கீழ இருக்கிறதோட எப்பிடி நிக்கும்?" என்று கேட்டேன்.

"இடையில றப்பர் வைச்சு, நீட்டுப் போல்ட் போட்டு இறுக்கினா மலை மாதிரி நிக்கும். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார் இவர்.

(இவர் 'யோசியாதையும்' என்று சொன்ன எல்லா விஷயத்திலும் நான் யோசித்திருக்க வேண்டும்.)

வண்டி ஓடத் தயாரானதும் அரசாங்க விதிப்படி எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வெள்ளைக்காரரின் கராஜில் சனிக்கிழமை காலைக்கு நேரம் எடுத்தார்கள். இங்கேதான் என் மாமியார் உள்ளே வருகிறார். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் கண்டவர். பஞ்சாங்கம் இல்லாமல் பல்லும் விளக்கமாட்டார். அவர் போட்ட சட்டங்கள் மூன்று. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்கு முன் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். முதல் முதல் ஓட்டுவது வீட்டு மருமகளாக இருக்க வேண்டும். புதிதாகப் பூட்டுகிற சாமான் எதுவானாலும் பிள்ளையாரடியில் வைத்துக் கும்பிட்ட பிறகே பூட்ட வேண்டும்.

இரண்டாவது சட்டத்தைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். நானோ பூரித்துப்போனேன். லைசன்ஸ் எடுத்துப் புதுசு. என் கணவர் லைசன்ஸ் சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு சந்தியிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் எந்தச் சோதகர்தான் தேறவைப்பார்? வீட்டில் அவர் தோற்று நான் தேறியவள் என்ற திமிரில் மிதந்துகொண்டிருந்தேன். குகனுக்கு லைசன்ஸ் இருந்தும், "காப்புறுதியை என்ர பேரில போடுங்கோ" என்று கேட்டு வாங்கிய புத்திசாலி நான்.

சனிக்கிழமை காலை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. எங்கள் நாலு வயது மகளை அடுத்த வீட்டில் விட்டோம். மாமி தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, செவ்வந்திப்பூ எல்லாம் அடுக்கிப் பிள்ளையாருக்குத் தீபம் காட்டினார். ரயர்களின் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. "ராகு காலம் வரப்போகுது, எடுங்கோடா!" என்று மாமி போட்ட சத்தத்தில் ஒழுங்கையில் இருந்த பூனையும் ஓடியது. நான் ஏறினேன். மாமி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். சோதனை முடியக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வதாக ஏற்பாடு. அண்ணனும் தம்பியும் குகனின் காரில் பின்னால் வந்தார்கள்.

தேசிக்காய்கள் நசுங்கின. வண்டி வாசலைத் தாண்டியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் மகாராணி மாதிரித் தலையை ஆட்டினேன்.

முதல் சிக்னல் விளக்கில் பிரேக் பிடித்தேன். ஸ்டியரிங் என்னை நோக்கி வந்தது.

கொஞ்சம்தான், ஒரு விரலளவு. பழைய வண்டி அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பச்சை விழுந்து வேகம் கொடுத்ததும் ஸ்டியரிங் விலகித் தூரப்போனது. அடுத்த விளக்கில் திரும்பவும் வந்தது, இந்த முறை இரண்டு விரல். கியர்க் கம்பும் கூடவே நகர்ந்து மாமியின் தாம்பாளத்தைத் தட்டியது.

"என்ன பிள்ளை, இந்தக் கம்பு நடந்து வருது?" என்றார் மாமி.

"புது மொடல் மாமி" என்றேன்.

அப்போதுதான் பின்னால் ஹோர்ன் கேட்டது. விடாமல் அடித்தார்கள். முன்விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்தார்கள். எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலத்தில் கார்கள் அடித்துக்கொண்டு வருவது போலவே இருந்தது. "பெடியளுக்குச் சந்தோசம் தாங்கேலாமல் கிடக்கு" என்று மாமி மனம் குளிர்ந்து, யன்னலால் கையை நீட்டி ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஹோர்ன் இன்னும் கூடியது. நாங்களும் இன்னும் நன்றாக ஆட்டினோம்.

(பின்னால் நடந்ததைக் குகன் பிறகு சொன்னான். நான் வேகம் கொடுக்கும்போதெல்லாம் கூடு பின்னுக்கு வழுக்கி, சேசிஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றதாம். "அண்ணை, நீங்கள் போல்ட் எல்லாம் பூட்டினதுதானே?" என்று கேட்டிருக்கிறான். "நீ பூட்டினதெண்டல்லோ நான் நினைச்சன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் ஹோர்ன்.)

மிச்சம் என்ற ஊரின் சந்தையைத் தாண்டி ஒரு சிறு இறக்கத்தில் வண்டி உருளும்போது, மாமி முன்கண்ணாடி அருகே இருந்த குட்டிப் பிள்ளையாருக்கு ஒரு பூ வைப்போம் என்று தாம்பாளத்துக்குள் கையை விட்டார். கை ஏதோ பாரமானதில் பட்டது. பூக்களை விலக்கினார். குங்குமப் பொட்டு வைத்த ஆறு நீட்டுப் போல்ட்டுகள் புத்தம் புதிதாகப் பளபளத்தன.

"இதென்ன பிள்ளை? பூட்டினாப்பிறகு மிஞ்சினதோ?"

மிஞ்சுவதற்கு அவர்கள் வாங்கவில்லை. வாங்கியதே ஆறு. மூன்றாவது சட்டப்படி பிள்ளையாரடியில் வைத்தவை பூவோடு பூவாகத் தாம்பாளத்திலேயே தங்கிவிட்டன. கூட்டைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதற்கென்று நாலு மூலையிலும் போட்ட பழைய துருப்போல்ட்டுகள் மட்டும்தான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. இத்தனை நேரம் சந்தோஷமாகக் கை ஆட்டியதும் விளங்கியது.

நான் அப்படி ஒருநாளும் பயந்ததில்லை. கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிப்போயின. காதுக்குள் இரைந்தது. அடுத்த வீட்டில் விட்டுவந்த மகளின் முகம் வந்தது. காலையில் அவள் பால் வேண்டாமென்று அழுததற்கு ஏசிவிட்டு வந்திருந்தேன். மாமி பக்கத்தில் இருந்தார், பெல்ட் இல்லை, அந்தக் காலத்துக் கூட்டில் பெல்ட் ஏது? சடுதியாகப் பிரேக் பிடித்தால் நானும் மாமியும் கூட்டோடு முன்னுக்குப் போவோம், சேசிஸ் மட்டும் விதிகளுக்கு அமைவாக நிற்கும். முன்னால் ஒரு மாடி பஸ். பக்கத்தில் ஒதுங்கலாமென்றால் நடைபாதை முழுக்கச் சனிக்கிழமைச் சனம், தள்ளுவண்டிகளில் குழந்தைகள்.

"மாமி" என்றேன், "அந்தப் போல்ட் எல்லாம் வண்டியைப் பிடிக்கிற போல்ட். பூட்டேல்லை. கும்பிடுங்கோ."

மாமி ஒரு நொடி போல்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"கும்பிடுறது என்ர வேலை, ஓட்டுறது உன்ர வேலை" என்றார். "மெல்லமாப் போ. நான் ஒண்டும் கதைக்கேல்லை."

தாம்பாளத்தை ஒரு கையால் அணைத்து, மற்றக் கையால் கியர்க் கம்பை, அது ஓடிவிடாதபடி, பிடித்துக்கொண்டார். நான் காலைப் பிரேக்கில் பட்டும் படாமலும் வைத்து, நடந்து போகிறவர்கள் எங்களை முந்துகிற வேகத்தில் ஊர்ந்தேன். சைக்கிளில் வந்த ஒருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கடந்தான். அது எனக்கு ஆசீர்வாதம் போலக் கேட்டது. ஒவ்வொரு குழியிலும் அடியில் ஏதோ 'டிங்' என்று முறிந்தது. மூன்றாவது 'டிங்' கேட்டபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கோலியர்ஸ் வுட் வந்தது. கராஜ் வாசல் தெரிந்தது. ஒதுங்கி நிறுத்த அந்த வாசலைத் தவிர வேறு வெற்றிடம் இல்லை. வாசலில் ஒரு மேடு. அதில் முன்சக்கரம் ஏறி இறங்க, நாலாவது 'டிங்'. வண்டி நின்றது. நாங்கள் நிற்கவில்லை. கூடு முழுவதும் ஒரு முழம் முன்னுக்கு வழுக்கி, கிறீச்சிட்டு நின்றது. ஸ்டியரிங் என்னை இருக்கையோடு சேர்த்து அழுத்த, ஹோர்ன் ஓயாமல் அலறியது. அடித்துக்கொண்டிருந்தது என் நெஞ்சு. ஹோர்னைத்தான் சொல்கிறேன்.

கராஜ் முதலாளி தேநீர்க் கோப்பையுடன் வெளியே வந்தார். குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். ஒரு மிடறு குடித்தார். "சோதனை மேலே இருக்கிற வண்டிக்கா, கீழே இருக்கிற வண்டிக்கா?" என்று மிகுந்த மரியாதையுடன் ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமி யன்னலால் தாம்பாளத்தை நீட்டினார். பிரசாதம் என்று நினைத்த மனிதர் ஒரு போல்ட்டைப் பக்தியோடு எடுத்துக்கொண்டார்.

பின்னால் ஓடிவந்த கணவரும் குகனும் என்னைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். கால் நிலத்தில் பட்டதும் நான் விம்மி விம்மி அழுதேன். இவர் முகம் வெளிறி, "நான் எவ்வளவு ஹோர்ன் அடிக்கச் சொன்னனான்..." என்று தொடங்கினார். மாமி ஒரு கையை உயர்த்தினார். அவ்வளவுதான். அந்தக் கை இறங்கும்வரை பிள்ளைகள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

வண்டியைப் பிறகு ஒழுங்காகப் பூட்டினார்கள், சோதனையிலும் தேறியது, பல வருடம் ஓடியது. நான் அதற்குள் மறுபடி ஏறவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. "தாம்பாளத்தைப் பார்த்தாச்சோ?" என்றுதான் கேட்போம். ரொறன்ரோவுக்குப் போகும்போது மாமி விமானப் பணிப்பெண்ணிடமே கேட்டார். நான்தான் தண்ணீர் கேட்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

ஆனால் மாமி அதன் பிறகு என் காரைத் தவிர வேறு எவருடைய காரிலும் ஏறவில்லை. குகன் கதவைத் திறந்து பிடித்தாலும் என் காரைத்தான் தேடுவார்.

போன மாதம் மகள் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்தாள். தொண்ணூறைத் தொடும் மாமி சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து தீபம் காட்டினார். காட்டி முடிந்ததும் வழக்கப்படி பூவுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பேத்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, ஓட்டேக்க உனக்குப் பயம் வாறதோ?"

"நோ அப்பம்மா! ஒரு துளி பயமும் இல்லை" என்றாள் மகள் பெருமையாக.

"அப்ப நீ முன்னால போ" என்றார் மாமி. "நான் கொம்மாவோட வாறன்."