இரண்டு நொடிக் கூடாரம் மடித்த படலம்

வாழ்க அவர் விரல்கள். கடுகினும் சிறிய திருகாணியைக் கவ்விப் பிடித்து, ஒடிந்த மூக்குக்கண்ணாடிக் கால்களுக்கு மறுவாழ்வு தந்து, மங்கிய உலகத்தை மாந்தர்க்கு மீண்டும் துலக்கிக் காட்டும் அந்தப் பத்து விரல்களும் வாழ்க. நாற்காலி இரண்டும் சுழல்விசிறி ஒன்றும் புடைசூழக் கடைத்தெருவில் அரசு வீற்றிருக்கும் கண்ணாடிக் கடைக்காரர், கணக்கு டீச்சருக்குக் கணவர், இரு மக்கட்குத் தந்தை, வாரத்தில் ஆறு நாள் பொறுமையின் மலை, ஏழாம் நாள் மட்டும் எரிமலை ஆகிய அப்பெருந்தகையும் வாழ்க. ஏரிக்கரைப் புல்வெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி தொடங்கி ஆறேகால் வரை அவர் ஆற்றிய அரும்போரைப் பாடப் புகுகிறோம். பாட நமக்குத் தகுதி உண்டா என்று கேட்போர் கேட்கட்டும். பாடப்பட அவருக்குத் தகுதி உண்டா என்று அவர் மனைவியே கேட்டிருக்கிறார், ஆகவே குற்றமில்லை.

போருக்கு மூலம் ஒரு காகிதம். பள்ளியிலிருந்து வந்த அந்தத் திருமுகம், பருவந்தோறும் ஒருமுறையேனும் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று இயற்கையோடு பழக விடுமாறு பெற்றோரைப் பணித்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நம் வீரரை முறைத்தது. முறைப்பைப் பொறுக்கமாட்டாத அவர், ஒரு மாலை சமையலறை நடுவே நின்று, மார்பு நிமிர்த்தி, வஞ்சினம் கூறினார்.

"இந்த வருஷம் ஒரு பருவத்தையும் விடப் போறதில்ல. மழையோ பனியோ, போறோம்."

அவையோர் மூவருள் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் ஒரே பென்சிலுக்காகப் பொருதுகொண்டிருந்தனர். அவையின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது தலைவர் இயல்பு.

அங்ஙனமே மழைக்காலத்தில் அருவியின் மேல் படையெடுத்தார். அருவியோ, 'நீர்வரத்து அதிகம், அனுமதி இல்லை' என்னும் பலகையை வாயிலில் நட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நால்வரும் வண்டிக்குள் அமர்ந்து, முன்கண்ணாடியில் வழிந்த நீரையே அருவியாகப் பாவித்து, பிஸ்கட் உண்டு மீண்டனர். முன்பனியில் சூரியோதயம் காணக் குன்றேறினார். சூரியன் அன்றும் உதித்ததாகவே பின்னர் தெரியவந்தது. ஆனால் குன்றின் மேல் நின்றோர் மூடுபனியில் தத்தம் கைகளையே தேடிக்கொண்டிருந்தனர். பின்பனியில் காட்டுப்பாதை புகுந்தார். குறுக்குவழி ஒன்று தமக்குத் தெரியும் என்று அருளினார். அதன் பயனாக ஒரே பாறையை நான்கு முறை தரிசித்தனர். நான்காம் முறை சின்னவன் அதற்கு டாட்டா காட்டினான்.

இம்மூன்று படையெடுப்புகளிலும் தோல்வியைக் காட்டிலும் ஓங்கி ஒலித்தது வீரரின் குரலே. பலகையைத் திட்டினார், பனியைத் திட்டினார், பாறையைத் திட்டினார், இவற்றுக்கு இடையே நின்ற பாவத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையும் திட்டினார். இதையெல்லாம் ஒன்பது வயது மூத்தவள் பார்த்திருந்தாள். பார்த்ததைக் கட்டுரை நோட்டில் எழுதினாள்.

'இயற்கை மிகவும் அழகானது. அங்கே போன் எடுக்காது. அங்கே போனால் அப்பா கோபமாக இருப்பார்.'

வகுப்பாசிரியை பத்துக்கு ஒன்பது இட்டு, 'நல்ல கவனிப்பு' என்று சிவப்பு மையில் பாராட்டி, வகுப்பு முழுதும் கேட்க உரக்க வாசிக்கவும் செய்தார். பெற்றோர் கையொப்பம் கேட்டு அந்நோட்டு வீரரிடமே வந்தது. படித்தார். பேனாவைத் தேடுவதுபோல் சற்று நேரம் மேசையைத் துழாவினார். பேனா கையில்தான் இருந்தது. அன்று அவர் பூண்ட இரண்டாம் வஞ்சினம் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை: இளவேனிற் பயணத்தில் ஒரு சொல்லும் சினந்து கூறேன், கூறின் என் மகள் எழுதியதே மெய்யாகக் கடவது.

இளவேனில் வந்தது. இரண்டு நொடிக் கூடாரமும் வந்தது. முளையில்லை, கயிறில்லை, சுத்தியல் இல்லை. தட்டுப்போல் வட்டமாய் மடிந்து ஒரு பைக்குள் அடங்கியிருக்கும். எடுத்து வீசினால் இரண்டே நொடியில் தானாக விரிந்து நிற்கும் என்பது விற்றவர் வாக்கு. அந்த வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்தது என்பதே இக்காவியத்தின் துயரம்.

ஏரிக்கரை சேர்ந்ததும் வீரர் பையைத் திறந்தார். மனைவி மக்களைப் பத்தடி பின்வாங்கப் பணித்தார். திகிரி சுழற்றும் மன்னவர்போல் இடுப்பை ஒருமுறை திருகி வீசினார். காற்றில் படபடத்த நீலத்துணி, புல்லைத் தொடுமுன்னே மாளிகையாகிக் குந்தியது. ஐந்து வயதுச் சின்னவன் கைதட்டினான். மூத்தவள் புருவம் உயர்த்தினாள். கணக்கு டீச்சர், மதிப்பெண் வழங்குவதில் கல்லினும் கடியவர், "பரவாயில்லையே" என்றார். பதினொரு ஆண்டு இல்லறத்தில் வீரர் இச்சொல்லைக் கேட்பது மூன்றாம் முறை.

அதன்பின் நிகழ்ந்த இயற்கைத் தரிசனத்தைச் சுருங்கச் சொல்வோம். ஏரியில் ஒரு வாத்து இருந்தது, அது போய்விட்டது. பிள்ளைகள் கூடாரத்தின் உள்ளே புகுந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சீட்டுக்கட்டை விரித்து, நான்கு மணிநேரம் வெளியே வரவில்லை. நடுவில் ஒரு தூறல் விழுந்து ஓய்ந்தது. அதையும் துணிமேல் பட்ட ஓசையால் அறிந்தார்களேயன்றிக் கண்ணால் காணவில்லை. வீரர் ஒரு சொல்லும் சினக்கவில்லை. வெற்றி அவர் மடியில் வந்து விழுந்துவிட்டது என்றே எண்ணினார்.

மணி ஐந்தரை. ஆறு மணிக்கு வாயில் சாத்தப்படும் என்று காவலர் சீழ்க்கை ஊதிச் சென்றார். வீரர் எழுந்தார், பிள்ளைகளை வெளியேற்றி வண்டிக்கு அனுப்பினார், கூடாரத்தை நோக்கி நடந்தார், தும்பை சூடாத குறையாக அதன் எதிரே நின்றார். விரிய இரண்டு நொடியென்றால் மடிய எத்தனை நொடி என்பதை விற்றவர் சொல்லவில்லை; இவர் கேட்கவுமில்லை.

முதற்போர் நூல்வழிப்பட்டது. பையின் உட்புறம் ஆறு படங்கள் தைக்கப்பட்டிருந்தன. முகமற்ற மனிதன் ஒருவன் முதற்படத்தில் கூடாரத்தின் அருகே நிற்கிறான், இரண்டில் அதைப் பிடிக்கிறான், மூன்றில் வளைக்கிறான், நான்கில் எட்டு என்னும் எண்ணைப்போல் முறுக்குகிறான், ஐந்தில் அது தட்டாகிவிடுகிறது, ஆறில் அவன் பையோடு புறப்பட்டுவிடுகிறான். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பதை ஓவியர் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீரர் நின்றார், பிடித்தார், வளைத்தார், முறுக்கினார். கூடாரம் ஒரு கணம் அவர் கைக்குள் பணிவாக ஒடுங்கியது. பின், சிறைமீண்ட சிங்கமென எழுந்து, அவர் தாடையில் ஒன்று கொடுத்து, முன்னினும் பெரிதாக விரிந்து நின்றது.

"எட்டு மாதிரி மடக்கணும்ங்க," என்றார் கணக்கு டீச்சர்.

"எட்டுதான் மடக்கினேன்."

"அது எட்டு இல்ல. ஆறு."

இரண்டாம் போரில் அரசியும் களம் புகுந்தார். இடவளையம் அவர் கையில், வலவளையம் இவர் கையில். ஒருவர் உட்புறம் முறுக்க, ஒருவர் வெளிப்புறம் முறுக்க, இடையே சிக்கிய துணியோ முறுக்கப்பட்ட ஈரவேட்டிபோல் நீர் பிலிற்ற, ஒருவரையொருவர் நோக்கி 'நீங்க விடுங்க', 'நீ விடு' என்று முழங்க, இருவரும் ஒரே நொடியில் விட்டனர். வளையம் வில்லெனத் தெறித்தது. வீரரின் மூக்குக்கண்ணாடி அவர் முகத்தைத் துறந்து, வானத்தில் ஒருமுறை மின்னி, எங்கோ வீழ்ந்தது. ஊருக்கெல்லாம் பார்வை வழங்கும் வள்ளல், ஏரி எது புல் எது என்றறியாத நிலையில் நடுக்களத்தில் நின்றார்.

அந்நேரம் பார்த்துப் பக்கத்துக் குடும்பம் தன் கூடாரத்தை மடித்தது. ஒரு தட்டு, ஒரு திருப்பு, ஒரு பை, அவ்வளவுதான். புறப்படும்போது அக்குடும்பத் தலைவர், தோற்ற நாட்டுக்கு உதவி அறிவிக்கும் வேந்தரின் பெருந்தன்மையோடு, "வீடியோ இருக்கு சார், பார்த்தா ஈஸி," என்று கூறிச் சென்றார். போன் எடுக்காத இடம் அது.

மூன்றாம் போரை விரிக்கின் பெருகும். வீரர் அதன்மேல் படுத்தார். அது அவரைச் சேர்த்து மடிந்தது. அதற்குள்ளிருந்து அவர் தவழ்ந்து வெளிவந்தபோது காவலர் கைவிளக்கோடு வந்து நின்றார்.

"கேட் சாத்தணும் சார். மணி ஆறு தாண்டிடுச்சு."

"ரெண்டே நிமிஷம்."

"எல்லா ஞாயித்துக்கிழமையும் யாராவது ஒருத்தர் இதைத்தான் சார் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் அப்படியே வண்டி மேல கட்டிட்டுப் போனாரு. போகும்போது வண்டி லேசா தூக்குச்சு."

அக்கணம் வீரரின் நெஞ்சில் எழுந்த அழலை யாது சொல்லி உவமிப்போம். அருவிப் பலகைக்கு எழுந்த சினமும் பனிக்கு எழுந்த சினமும் பாறைக்கு எழுந்த சினமும் ஒன்றுதிரண்டு தொண்டைக்கு வந்து, நாவின் நுனியில் அணிவகுத்து, முழக்கத்துக்குக் காத்து நின்றன. கூடாரத்தை ஏரியில் எறிவதற்காக இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்தியும் விட்டார். வண்டியின் பின்கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"அப்பா, கோவமா இருக்கியா?"

மூத்தவள் கேட்டதில் பயமுமில்லை, கேலியுமில்லை. மழை பெய்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. மங்கலாக ஓர் உருவம், இரட்டைப் பின்னல், அவ்வளவே. கடைக்கு வந்து, எழுத்துப் பலகையின் கடைசி வரியை ஊகித்துச் சொல்லும் கிழவர்களைப்போல, அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவரும் ஊகித்தார். ஊகித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தலைக்கு மேல் மாளிகையை ஏந்தியபடி நெடுநேரம் நின்றார்.

"இல்லடா. கை வலிக்குது."

"அப்ப இறக்கி வையேன்."

இறக்கி வைத்தார். படைகள் தொண்டையிலிருந்து வரிசை கலைந்து கீழிறங்கின.

மண்டியிட்டு அமர்ந்து, காணாத கண்களை மூடியே விட்டு, வளையத்தின்மேல் விரல்களை ஓட்டினார். இங்கேதான் நாம் முதலிற் போற்றிய அவ்விரல்கள் விழித்தன. கண்ணாடிக் காலின் மயிரிழைச் சுருளை இருபது ஆண்டாகத் தடவித் தடவியே அறிந்தவை அவை. கம்பி எப்பக்கம் திமிறுகிறது, எப்பக்கம் இணங்குகிறது என்று தொட்டவுடன் தெரிந்தது. அரைமணி நேரமாக அது உட்புறம் சாயவே ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் அவர் அரசியும் படத்துக்குக் கீழ்ப்படிந்து அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இங்க முட்டி போட்டு அமுக்கு. விடாத."

"இப்படியா?"

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம்."

அவள் ஒருபுறம் முழங்காலூன்றினாள். அவர் மறுபுறத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டித் திருப்புவதுபோல் மெல்லத் திருப்பினார். வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, பெருமூச்சு விட்டு, தட்டாயிற்று. மூத்தவள் பையைப் பிடித்தாள். ஜிப் ஏறியது. பிறகு அவள், "சூப்பர்ப்பா," என்றாள், மெதுவாக, பிறர் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல்.

வாகை சூடிய வீரர் வெற்றி முழக்கம் எதிர்பார்த்து உலகின் பக்கம் திரும்பினார். சின்னவன் பின்னிருக்கையில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தான். காவலர் வாயிற்பூட்டைக் கையிலெடுத்துக் கொட்டாவி விட்டார். கணக்கு டீச்சர் தம் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"இது உங்கிட்டதான் இருந்துதா?"

"விழுந்தப்பவே எடுத்து வெச்சுட்டேன். நீங்க கேக்கல."

அங்ஙனம் கண் பெற்று, புகழ் பெற்று, மகளின் மெல்லிய ஒரு சொல்லை நெஞ்சில் நூறு முரசாக அறைந்துகொண்டு, முகப்பு விளக்குகள் இரண்டும் வெற்றித் தீவட்டிகளாய் முன்செல்ல, வழியோர மரங்களெல்லாம் சிற்றரசர்களாய்ப் பணிந்து பின்னேக, இனி எப்பருவத்து எப்பகையும் தம்மை அசைக்காது என்னும் இறுமாப்போடு, இரண்டு நொடிக் கூடாரத்தை நாற்பத்தைந்தே நிமிடத்தில் அடக்கி ஆண்ட அண்ணல், கொள்ளைப்பொருளெனப் பையைத் தோளிற் சுமந்து மூன்று மாடியும் ஏறித் தம் கோநகர் புகுந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதன் அருகிலேயே அயர்ந்து துயின்றார்.

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று மனைவி சொன்னதால், மறுநாள் காலை அதைப் பிரித்து மொட்டைமாடியில் காயப்போட்டார்கள்.