பாதி மீசையும் கறுப்பு வெள்ளை வைகையும்

வைகையில் ஆண்டு முழுவதும் இரு கரை புரள வெள்ளம் ஓடவிட்ட ஒரே மனிதர், ஆரப்பாளையத்தில் சலூன் வைத்திருந்த ‘வைகை’ அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

வெள்ளம் ஓடியது சலூன் சுவரில். பழைய சாமான் கடையில் வாங்கிய படம் அது; செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த கறுப்பு வெள்ளைச் சித்திரம். ஒரு நகரம், நடுவே ஆறு, கல்பாலம், படகுகள், நீளக் கோட்டு மனிதர்கள். ஏதோ ஐரோப்பிய ஊர் என்று பார்த்ததும் தெரியும். அண்ணனுக்கு மட்டும் வைகை.

“கோட்டுப் போட்டிருக்காங்களேண்ணே?”

“மார்கழிப் பனி மாப்ள. போர்வை.”

“இம்புட்டுத் தண்ணி?”

“டேம் தொறந்திருக்கான்.”

“கோபுரத்தக் காணோமே?”

“வரைஞ்சவன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. அவனத் திரும்பச் சொல்றியா?”

கழுத்தில் கத்தி இருக்கையில் யாரும் அதற்குமேல் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை ஊரில் சலூன்கள் எல்லாம் மூடிக்கிடக்க, இவர் மட்டும் திறப்பார். படத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு நாளைக் கடத்த அவரால் முடியாது.

கொரோனா அடங்கியபின் வந்த ஆவணியில், அப்படியொரு செவ்வாய் மாலை போய் உட்கார்ந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் உசிலம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போவதை அவரிடம் சொன்னேன். அதற்கு முன் பார்த்த இரண்டு வீட்டிலும் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். நானோ வருடம் தப்பாகச் சொன்னால் கல்யாணப் பந்தியிலும் எழுந்து திருத்துகிறவன். மீசையின் இடப்பக்கத்தை அவர் ஒதுக்கி முடித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணே, அந்தப் படகுல புகைபோக்கி இருக்கு. வைகையில எந்த வருசம் நீராவிப் படகு ஓடுச்சு?”

கத்தரி நின்றது. “அப்ப வைகை இல்லங்கிற?”

“இல்லண்ணே.”

“மீதி மீசைய அந்த ஊர்லயே போய் வெட்டிக்க.” துண்டை உருவிவிட்டார்.

முதல் பஸ்ஸுக்குள் வேறு சலூன் எதுவும் திறக்காது; நானே சமன் செய்யப் போனால் மீசையே மிஞ்சாது. மீசை இல்லாமல் உசிலம்பட்டிக்கா? அம்மா ஒரு முகக்கவசத்தை நீட்டினார். “இருமல்னு சொல்லிக்கலாம்டா.”

மறுநாள் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒரு தலை நீண்டது. அண்ணன்.

“ராத்திரி தூக்கமே இல்ல மாப்ள. வைகைன்னு ஒரு வார்த்த சொல்லிரு. இங்கனயே முடிச்சு விட்டுர்றேன்.”

“மாட்டேண்ணே.”

பெண் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டார்.

“இவரு தாய்மாமாவா?” என்றார் பெண்ணின் அப்பா.

“இல்லங்க, மீசைக்கு வந்திருக்கேன்.”

காபி வந்தது. முகக்கவசம் இறங்கியது. காபி கொண்டுவந்த பெண் என் வலப்பக்கத்தைப் பார்த்தாள், இடப்பக்கத்தைப் பார்த்தாள். அவள் அப்பா எழுந்தேவிட்டார். அண்ணன் குறுக்கே பாய்ந்தார்.

“பையன் மேல தப்பில்லங்க, எல்லாம் இந்தப் படம்!” செல்போனில் இருந்த படத்தை அவளிடம் நீட்டி, நடந்ததைக் கொட்டினார். “நீயே சொல்லு தாயி, இது வைகைதான?”

அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “புகைபோக்கி இருக்கேண்ணே. வைகை இல்ல.” பிறகு என்னிடம், “பாதி மீசையோட நின்னும் மாத்திச் சொல்லலியா?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே சொன்னாள்: “உக்காருங்கப்பா.”

அப்பா உட்கார்ந்தார்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், பையிலிருந்து கத்தரியை எடுத்தார். அவர் பேச்சில்லாமல் அந்தக் கத்தரிச் சத்தத்தை மட்டும் நான் கேட்டது அன்றுதான். தாங்க முடியவில்லை.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா வைகை மாதிரித்தாண்ணே இருக்கு.”

கத்தரி ஒரு கணம் நின்றது.

“அசையாத மாப்ள,” என்றார். “நல்லா வந்துக்கிட்டிருக்கு.”