வால்வுப் பெட்டிக்கு நாடி பார்த்த சுவாமி

வெள்ளிக்கிழமை காலையில் பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெட்டி சுமந்து போகிறவர்களின் பின்னால் நடந்தால் போதும். நெடுங்கேணியிலிருந்து உழவு இயந்திரத்தில் ஸ்பீக்கர்களை ஏற்றி வந்தவர்கள் ஒரு பக்கம். கனகராயன்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் அம்பிளிபயரைப் பக்குவமாக உட்கார வைத்து, மனைவியைப் பஸ்ஸில் வரச் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். எல்லாரும் போய்ச் சேருகிற இடம் பொதுநோக்கு மண்டபம். வாசலில் பதாகை தொங்கியது: "நாதலிங்க சுவாமிகள். இசைக்கருவிகளுக்கு உயிர் மாற்றித் தரப்படும்."

மனிதருக்கு அருள் கொடுக்கிற சுவாமிமார் பெருகிவிட்டார்கள். அந்தத் துறையில் போட்டி அதிகம். நாதலிங்க சுவாமி கெட்டிக்காரர். ஆளில்லாத துறையாகப் பார்த்து இறங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். கிற்றார் வாசிக்கிறவர்கள் இத்தனை காலமும் சத்தத்தைப் பெருக்க வால்வுப் பெட்டி என்ற அம்பிளிபயர் வைத்திருந்தார்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள் தணல்போலச் சிவந்திருக்கும். பாரமோ நெல் மூட்டை. அதற்கு முன்னால் காலால் மிதிக்கிற பெடல்கள் வரிசையாக. இப்போது சாப்பாட்டுப் பெட்டியளவில் ஒரு டிஜிற்றல் பெட்டி வந்துவிட்டது. பழைய பெட்டிகள், பெடல்கள் அத்தனையின் குரலையும் கணக்குப் போட்டு அது ஒன்றே பேசிக் காட்டும். தோளில் கொழுவிக்கொண்டு பஸ் ஏறலாம். வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே குறைதான் சொன்னார்கள்: "எல்லாம் இருக்கு, ஆனால் உயிர் இல்லை." எங்கே இல்லை, எவ்வளவு இல்லை என்று கேட்டால் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். விளக்கிச் சொல்ல முடியாத குறை ஒன்று ஊரில் இருந்தால், அதைத் தீர்க்க ஒரு சுவாமி பஸ் பிடித்து வந்துவிடுவார்.

வந்தவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோயிலைத் திருத்தும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, பக்கத்தில் சின்னக் கொட்டகை போட்டுப் பூசை செய்வார்களே, பாலஸ்தாபனம், அதை அப்படியே தூக்கி வந்தார். பழைய வால்வுப் பெட்டியின் உயிரைக் கும்பத்தில் இறக்குவார். கும்பத்திலிருந்து டிஜிற்றல் பெட்டிக்கு ஏற்றுவார். மிஞ்சுகிற பழைய பெட்டி சடலம். சடலத்தை வீட்டில் வைத்தால் துடக்கு, தீட்டு. தந்தி அறும், தொண்டை கட்டும், கச்சேரியன்று மழை பெய்யும். ஆகவே சடலங்களைச் சுவாமியே தமது லொறியில் ஏற்றிக் கொண்டுபோய், கீரிமலையில் செத்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியை செய்து கடலில் கரைத்துவிடுவார். இரும்பும் பலகையும் கடலில் எப்படிக் கரையும் என்று கேட்டவர் எவருமில்லை. கேட்டால் துடக்கு.

கானமழை இசைக்குழுவின் கிற்றார்காரன் ஜெயந்தனும் கேட்கவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று வாங்கிய வால்வுப் பெட்டியை அவன் அன்று சடலமாக்கக் கொண்டு வந்திருந்தான். அதைத் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துவிட்டது. நிமிர்ந்தால் நோகும், குனிந்தால் நிமிர முடியாது. டாக்குத்தர் பாரம் தூக்கக் கூடாதென்றார். கடன் இல்லாமல் ஒரு டிஜிற்றல் பெட்டியும் வாங்கியாயிற்று. ஆனால் பத்து வருடமாக ஊர் முழுக்க "வால்வு வால்வுதான்" என்று சொல்லித் திரிந்த வாய், இப்போது "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல மறுத்தது. சுவாமி உயிரை ஏற்றித் தந்தால் இடுப்பும் பிழைக்கும், வாயும் பிழைக்கும். பெட்டி மட்டும் போய்விடும். அதை நினைக்கும்போதெல்லாம் பெட்டியை ஒருமுறை துடைத்து வைத்தான். உயிர் போனபின் உடம்பை வைத்து என்ன செய்வது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அவனுடைய தங்கச்சி வினோஜா, அதே குழுவின் பாட்டுக்காரி, முதல்நாள் தன் போனைக் கொண்டுவந்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். கொழும்பில் பழைய சாமான் விற்கிற பக்கம். அதில் ஒரு வால்வுப் பெட்டியின் படம்.

"அண்ணா, இது ரூபன் அண்ணையின்ரை பெட்டியெல்லோ? மேலை பாருங்கோ, நுளம்புத்திரி சுட்ட வட்டம்."

ஜெயந்தன் பார்த்தான். அதே வட்டம்தான். ரூபனும் ஒரு கிற்றார்காரன்; நெடுங்கேணிக் கச்சேரி ஒன்றில் கொசு விரட்ட அந்தப் பெட்டிமேல் நுளம்புத்திரியைக் கொளுத்தி வைத்தவனே ஜெயந்தன்தான்.

"அதைச் சுவாமி போன மாசம் கடலிலை கரைச்சிட்டார்" என்றான்.

"கரைஞ்ச பெட்டி எப்பிடிக் கொழும்பிலை விலைக்கு நிக்குது?"

ஜெயந்தன் போனை வாங்கி வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "மறுபிறவியாயிருக்கும்."

"நுளம்புத்திரித் தழும்போடையோ?"

"பூர்வ ஜென்ம அடையாளம். சிலபேருக்கு மச்சம் வாறதில்லையோ?"

வினோஜா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயந்தன் குளித்துவிட்டு வரும்போது, அவள் குசினி வாசலில் குந்தியிருந்து பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். பழத்தைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, அதன் பாலை மட்டும் ஒரு தடியில் கவனமாகச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பழத்தைத் திண்ணாமல் பிசினை என்னத்துக்குச் சேர்க்கிறாய்?"

"ஒட்டுற வேலை ஒண்டு இருக்கு. நீங்கள் போய் வெளிக்கிடுங்கோ."

அவனும் போய் வெளிக்கிட்டான். கேள்வி கேட்டுப் பதில் வந்துவிட்டால் அதோடு திருப்தியடைகிற நல்ல மனம் அவனுக்கு.

மண்டபத்தில் சுவாமி மேடையேறியிருந்தார். காவி வேட்டி, காவிச் சால்வை, கழுத்தில் உருத்திராட்சத்துக்கு நடுவே ஒரு கிற்றார் தந்தி. முன்னால் பெரிய பித்தளைக் கும்பம், மாவிலை, தேங்காய். அந்தக் கும்பத்தை அவர் ஒருநாளும் கவிழ்த்துக் கழுவுவதில்லை. ஊர்ப்பட்ட பெட்டிகளின் உயிர் உள்ளே இருக்கிறதாம், கழுவினால் போய்விடுமாம்.

ரூபன்தான் முதலில் எழும்பிச் சாட்சி சொன்னான். "என்ரை டிஜிற்றல் பெட்டி இப்ப மூச்சு விடுது. இரவிலை குறட்டையும் விடுது."

"உள்ளுக்குச் சின்னக் காத்தாடியைப் பூட்டி வச்சிருப்பாங்கள், அது சுத்திற சத்தம்" என்றாள் வினோஜா, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கும்படி. பக்கத்தில் இருந்தவர் தள்ளி இருந்தார்.

முன்வரிசையில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வடிவம்மா தன் பழைய கிறைண்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "சாமி, புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன். சட்னி அரைச்சா ருசியே இல்லை. இதோட உசிரை அதுக்கு மாத்தித் தாங்க."

"குசினிச் சாமானுக்குத் தட்சணை வேறை, தாயே. கடைசியிலை பாப்பம்."

ஜெயந்தனின் முறை வந்தது. நாலுபேர் சேர்ந்து வால்வுப் பெட்டியை இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெயந்தன் கிற்றாரை மீட்டினான். மண்டபக் கூரையில் இருந்த புறாக்கள் வெளியேறின. பிறகு டிஜிற்றல் பெட்டி. அதன் சத்தத் திருகாணியைச் சுவாமி தம் கையாலேயே குறைத்து வைத்தார். காய்ச்சல்காரன் தண்ணி கேட்கிறமாதிரி ஒரு முனகல் வந்தது.

"கேட்டியளோ? உயிர் இல்லை!" என்றார் சுவாமி.

"இல்லை, இல்லை" என்றது சனம்.

"சாமி, அந்தத் திருகாணியைக் கொஞ்சம் கூட்டி விட்டால் வராதோ?" என்று வினோஜா கேட்டாள்.

"பிள்ளை, திருகாணியாலை உயிர் வருமெண்டால் சுடலை எதுக்கு?"

மண்டபம் கைதட்டியது. என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

சுவாமி வால்வுப் பெட்டியைப் பட்டுத்துணியால் மூடினார். இடது கையில் மணி. வலது கை துணிக்குள் போனது. "நாடி பாக்கிறன். ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ."

ஜெயந்தன் உண்மையிலேயே மூச்சை அடக்கினான். மந்திரம் வேகமெடுத்தது. திடீரென்று பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"போச்சு!" என்றார் சுவாமி.

"ஐயோ, போச்சே!" என்று வடிவம்மா தலையில் அடித்து ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். ஜெயந்தனுக்குக் கண் கலங்கியது. மோட்டார் சைக்கிளை விற்ற அன்றுகூட அவன் அழவில்லை.

வழமையில் இந்த இடத்தில் சுவாமியின் வலது கை துணிக்குள்ளிருந்து ஒய்யாரமாக வெளியே வரும், கும்பத்தின் வாய்க்குப் போகும், உயிரை இறக்கும். இன்று கை வரவில்லை. மந்திரம் முடிந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் தடவை தொடங்கியபோது சுவாமியின் நெற்றியில் வியர்வை. அவர் இழுத்தார். கையோடு பட்டுத்துணி வந்தது. துணியோடு பெட்டி வந்தது. கீழே சில்லுப் பூட்டியிருந்ததால் அது சுவாமியை நோக்கி மெல்ல உருண்டு வந்தது. செத்த பெட்டி தன்னைக் கொன்றவரைத் தேடி வருவதைக் கண்டு முன்வரிசை எழும்பிப் பின்வரிசையின் மடியில் விழுந்தது.

சுவாமி ஒரு உதறு உதறினார். துணி கிழிந்தது. கையைக் கும்பத்தின் வாயில் வைத்து உலுக்கினார். விழ வேண்டியது விழவில்லை. மாவிலைதான் கையோடு வந்தது. திருநீற்றுத் தட்டில் துடைத்தார். திருநீறு அப்பியது. எல்லாத் திசையிலும் தோற்றுப்போன மனிதர் கடைசியில், பழக்கதோஷத்தில், கையை உயர்த்திச் சபையை ஆசீர்வதித்தார்.

உள்ளங்கையில் பட்டுக் கிழிசல், மாவிலை, திருநீறு. அவற்றின் நடுவே ஒரு கறுப்பு மூடி. மூடியின் நுனியில் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜெயந்தன் வாயைத் திறந்தான். "அது... அது என்ரை பெட்டியின்ரை பியூஸ்!"

"பியூஸைக் கழட்டினால் என்ன நடக்கும், அண்ணா?" வினோஜா ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"பெட்டி நிண்டுபோகும்."

"அப்ப உயிர்?"

ஜெயந்தன் பியூஸைப் பார்த்தான், கும்பத்தைப் பார்த்தான். அவன் முகம் பலாப்பழம்போலச் சிவந்து... இல்லை, பலாப்பழம் சிவக்காது. அவன் முகம்தான் சிவந்தது.

"எனக்குப் பியூஸும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது" என்றாள் வினோஜா சபையைப் பார்த்து. "உயிர் தானாப் போறதெண்டால் துணி எதுக்கு? துணிக்குள்ளை கை எதுக்கு? அதுதான் யோசிச்சன். பெட்டியின்ரை பின்பக்கத்திலை கை பிடிக்கக்கூடிய இடமெல்லாம் பலாப் பிசின் பூசி விட்டனான். நாடி பாக்கிற கையிலை ஒட்டாது, களவெடுக்கிற கையிலைதான் ஒட்டும்."

"இது தெய்வத்தின்ரை திருவிளையாட்டு!" என்றார் சுவாமி. கையை மறைக்கச் சால்வைக்குள் விட்டார். இப்போது சால்வையும் ஒட்டிக்கொண்டது.

வடிவம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு மேடையேறினாள். கிறைண்டரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கும்பத்தைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். தண்ணீரோடு கலகலவென்று கண்ணாடிப் பியூஸ்கள் கொட்டின. மண்டபத்துச் சீமெந்துத் தரையில் நாலு பக்கமும் உருண்டன.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் சுவாமி பொய்யே சொல்லவில்லை. ஊர்ப்பட்ட பெட்டிகளின் உயிர் அந்தக் கும்பத்துக்குள்தான் இருந்தது.

"அப்ப என்ரை பெட்டி?" ரூபன் கத்தினான். "மூச்சு விடுறது கிடக்கட்டும், என்ரை பழைய பெட்டி எங்கை?"

"கடலிலை கரைஞ்சு போச்சு, மகனே. ஆழ்கடலிலை."

வினோஜா கொழும்பு விளம்பரத்தை எடுத்து, அதில் இருந்த நம்பருக்கு அழைப்புப் போட்டாள். மண்டபம் காது கொடுத்தது. சுவாமியின் இடுப்பு மடிக்குள்ளிருந்து ஒரு போன் ஒலித்தது. ஆழ்கடலில் நல்ல சிக்னல்.

போனை நிறுத்தவும் சுவாமியால் முடியவில்லை. வலது கை சால்வையோடு ஒட்டிக் கிடந்தது, இடது கையில் மணி. அது ஒலித்துக்கொண்டே இருந்தது. ரூபனும் நெடுங்கேணிக்காரரும் வாசலை மறித்துக்கொண்டார்கள்.

"தேங்காயெண்ணெய்..." என்றார் சுவாமி ஈனக்குரலில். "ஆராவது கொஞ்சம் தேங்காயெண்ணெய் தாங்கோ. கை எரியுது."

"எண்ணெய் தாறம்" என்றான் ரூபன். "முதல்லை என்ரை பெட்டி ஆரிட்டை நிக்குது எண்டு சொல்லும்."

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் என்ற கணக்கில் விசாரணை நடந்தது. பொலிஸ் வருவதற்குள் சுவாமியின் சுண்டுவிரல் மட்டும் விடுதலையாகியிருந்தது.

ஜெயந்தன் சுவாமியின் உள்ளங்கையிலிருந்து மூடியைப் பிடுங்கி, பிசினைத் துடைத்துப் பியூஸைத் திரும்பப் பூட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கிற்றாரை மீட்டினான். திரும்பி வந்திருந்த புறாக்கள் மறுபடி வெளியேறின. அவன் பெட்டியைத் தடவிக் கொடுத்தான். பிறகு வினோஜா அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, டிஜிற்றல் பெட்டியின் திருகாணியை அதே சத்தத்துக்குக் கூட்டினாள். சபையையும் கண்ணை மூடச் சொன்னாள். ஒன்றை மாற்றி ஒன்றில் கொழுவி அவனை வாசிக்க விட்டாள்.

"எது வால்வு?" என்று கேட்டாள்.

"முதல் வந்தது" என்றான் ஜெயந்தன். "என்ன ஒரு உயிர்!"

முதல் வந்தது டிஜிற்றல்.

"ரெண்டும் ஒரே சத்தந்தான் தம்பி, எங்களுக்குப் பாட்டுச் சரியா வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, வடிவம்மா கிறைண்டரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டாள். "புது மெசின்ல உப்புப் போட மறந்திருப்பேனோ என்னவோ."

சனம் கலையத் தொடங்கியது. கலைகிற நேரத்திலும் கனகராயன்குளத்து மனிதர் ஒருவர் தரையில் குனிந்து ஒரு பியூஸைப் பொறுக்கித் துடைத்தார். சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வினோஜாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, இவ்வளவு நாள் பூசையிலை இருந்த சாமானெல்லோ... இதை நூலிலை கட்டிக் கழுத்திலை போட்டால் ஏதும் நன்மை வருமோ?"

வினோஜா அந்தப் பியூஸை அவர் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, பெட்டிக்குரிய பியூஸ் கடையிலை கிடக்குது. ஒண்டு போனால் இன்னொண்டு வாங்கலாம். எங்கடை தலைக்குரிய பியூஸ் ஒரு கடையிலையும் இல்லை. ஆரும் பட்டுத்துணியோடை வந்து தலையைத் தடவினால், முதல்லை அவரின்ரை கையைப் பிடிச்சுப் பாருங்கோ."