சர்க்கரை வாங்கப் போன மாஸ்டர்

சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார் மாஸ்டர். இரண்டு எறும்புகள் விழுந்தன. அவற்றுக்கும் ஏமாற்றம்தான் போலிருக்கிறது.

“உன் அண்ணன் வர்ற அன்னிக்கா தீரணும்?”

“நான் பார்த்துக்கறேங்க. நீங்க சும்மா உட்காருங்க” என்றாள் மனைவி.

சும்மா உட்கார முடியுமா? சந்தைத் தெரு வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே கேட் போட்ட இந்தக் குடியிருப்பில் அவர் வீடு வாங்கியபோது, “என் தங்கச்சி அங்க யார்கூடப் பேசுவா?” என்று கேட்டவர் அந்த மச்சான் ஒருவர்தான். அன்றைக்கு மாஸ்டர் வாய் நிறையப் பதில் சொன்னார். ஆனால் கேள்வி உள்ளே முள்ளாய்த் தங்கிவிட்டது. பழைய தெருவில் கீரை வாங்கப் போனால் மனைவி லேசில் திரும்பமாட்டாள். கீரையோடு ஊர்க்கதையும் கட்டாக வரும். இங்கே வாசலில் நின்றால் எதிர்வீட்டு ஷட்டரோடுதான் பேசவேண்டும். மச்சான் வந்து ஒரு பார்வை பார்த்தாலே போதும். அதில் சர்க்கரை இல்லாத காபி வேறா?

“கார் இருக்க என்ன கவலை? அஞ்சு நிமிஷம்” என்று சாவியை எடுத்தார்.

பாதி ஊருக்கு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருடைய கார், இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. பேட்டரி.

மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். காதில் வாங்காமல் நடந்தார். செல்போன் சார்ஜில் கிடந்தது.

கேட்டில் காவலாளி பதறி எழுந்தார். “என்ன சார், நடந்து வர்றீங்க? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“சர்க்கரை வாங்கப் போறேன்.”

“நடந்தா?”

சின்ன கேட்டின் சாவியைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம்.

வெளியே நெடுஞ்சாலை. நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் லாரி. எதிர்ச்சாரியில் சூப்பர் மார்க்கெட் பலகை தெரிந்தது. மாஸ்டர் சாக்கடையை ஒட்டிப் பத்தடி வைப்பதற்குள் ஒரு சிவப்புக் கார் உரசிக்கொண்டு நின்றது. பழைய மாணவி, பல் டாக்டர்.

“ஏறுங்க மாஸ்டர். நீங்க போய் நடக்கலாமா?”

குருபக்தியைத் தட்டமுடியாமல் ஏறினார். திரும்ப வேண்டிய இடம் வந்தது.

“வலது பக்கம் எடும்மா.”

“வலது பக்கம்னா எனக்கு இன்னும் பயம் மாஸ்டர். நீங்கதானே சொன்னீங்க, மூணு தடவை இடது பக்கம் திரும்பினா வலது பக்கம் போயிடலாம்னு.”

சொன்னது வாஸ்தவம். அது சந்தைப் பக்கத்துத் தெருக்களை வைத்துச் சொன்னது. அங்கே நாலடிக்கு ஒரு திருப்பம் உண்டு. இங்கே முதல் இடது திருப்பமே மேம்பாலத்தில் ஏறியது. பாலம் இறங்கியபோது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பொட்டல். நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருப்பதாக வருத்தம் தெரிவித்து, அவரைத் திரும்பிப் போகும் சாரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தது தண்ணீர் லாரி. டிரைவர் அவருடைய இன்னொரு மாணவன். இவனுக்கு எந்தப் பக்கமும் பயமில்லை. சூப்பர் மார்க்கெட் நெருங்கியது. வந்தது. போயிற்று.

“நிறுத்துப்பா, நிறுத்து.”

“நோ ஸ்டாப்பிங் போர்டு இருக்கு மாஸ்டர். உங்ககிட்ட படிச்சிட்டு அந்தத் தப்பைப் பண்ணுவேனா?”

ஒழுங்காகக் கற்றுக்கொடுத்ததற்கு முதல் தடவையாக வருந்தினார். பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடப்பட்டவர் உடைந்துபோய் நின்றார். மச்சானும் பஸ்ஸில்தான் வருகிறார். இங்கே இறங்கி, பையும் கையுமாக, எந்தப் பக்கம் நடப்பார் பாவம்?

நிறுத்தத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் ஒரு சந்து போனது. நிழலாக இருந்ததால் சாலையைக் கடந்து நுழைந்தார். தோளோடு தோள் உரசும் வீடுகள். ஒரு தையல் கடை, பக்கத்திலேயே சைக்கிள் கடை. இரண்டு பெண்கள் வாசலுக்கு வாசல் சண்டை போட்டபடியே ஒரே முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, “உட்காருங்க, எப்படி வேர்த்திருக்கு பாருங்க” என்றார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். இந்தத் தெருவில் மனைவியைக் கொண்டுவந்து விட்டால், பொழுது சாய்வதற்குள் அத்தனை வீட்டுக் கதையும் அவள் முந்தானையில் முடிந்திருக்குமே. மச்சானிடம் இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான்: நீங்க சொன்னதுதான் சரி, அவளைக் காட்டுல கொண்டுவந்து வெச்சிட்டேன்.

சந்து ஒரு உயரமான சுவரில் முட்டி நின்றது. சுவரோரம் ஒரு மளிகைக் கடை, அதன் வாசலில் ஒரு பெஞ்சு. கடைக்காரம்மா சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

“இங்க ஆட்டோ கிடைக்குமாம்மா? கேட் போட்ட குடியிருப்புக்குப் போகணும்.”

“அங்க போக ஆட்டோவா? எந்த வீடு?”

“கடைசி வரிசை. பச்சைத் தண்ணித் தொட்டி வெச்ச வீடு.”

கடைக்காரம்மா தலையைத் தூக்கிச் சுவருக்கு மேலே பார்த்தாள். மாஸ்டரும் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்க மாடியில் ஒரு பச்சைத் தொட்டி. அதன் குழாயில் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

“அட, அக்கா வீட்டுக்காரரா நீங்க? தினம் சாயந்திரம் இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து எங்ககூட உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சர்க்கரையும் கையுமா அவங்களையும் பஸ்ல வந்து இறங்கின அவங்க அண்ணனையும் சுவர் ஏத்தி அனுப்பிட்டு, இப்பதானே ஏணியை எடுத்து உள்ள வெச்சேன்.”