பதினான்கு நாற்பத்தொன்றான கதை

கெம்பனகட்டே,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி தொட்டேகௌடர் அவர்களின் சமூகத்துக்கு ஜவரப்பா பணிவோடு வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் கௌரம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா சிக்கதாயம்மா அவர்களும், மாப்பிள்ளையும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் வினுதாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பதினெட்டு நாட்களில் நான் செய்த ஒன்பது போன்களையும் தாங்கள் எடுக்கவில்லை. அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

சீமந்தத்தன்று நடந்ததில் தாங்கள் பார்த்தது ஒரு பாதி. மறுபாதியைச் சொல்லாவிட்டால், பெண்ணின் அப்பன் வேண்டுமென்றே தங்களை இழவு வீட்டுக்கு அனுப்பினான் என்ற பேர் எனக்கு நிலைத்துவிடும். எங்கள் தெருவில் ஐம்பத்துநாலு வீடுகள். நான் வீடு கட்டிய நாளிலிருந்து எண்கள் கிழக்கே ஆரம்பித்து மேற்கே முடியும், எங்கள் வீடு பதினான்கு. அழைப்பிதழிலும் பதினான்கு என்றுதான் அச்சடித்தோம். சீமந்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நகரசபை ஆட்கள் ஏணியோடு வந்து, எல்லா வீட்டு வாசலிலும் நீலத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். எண்கள் இனிமேல் மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே முடியுமாம். பதினான்கு நாற்பத்தொன்றாகிவிட்டது, நாற்பத்தொன்று பதினான்காகிவிட்டது. நான் உடனே நகரசபைக்குப் போய், ஏன் என்று கேட்டேன். அங்கே இருந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரி வசூல் பண்றவரு முன்னாடி கிழக்கே இருந்து வந்தாரு சார். இப்ப பஸ் ஸ்டாண்டு மேற்கே மாறிடுச்சு. இறங்கினதும் ஒண்ணுல இருந்துதானே அவரு ஆரம்பிக்கணும்?"

"அவர் ஐம்பத்துநாலுல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணுல முடிச்சா என்னய்யா?"

"அவருக்குப் பின்னாடி இருந்து எண்ண வராது சார்."

முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். தாலூக்காவில் ஒருத்தன் வேலி இன்னொருத்தன் நிலத்தில் ஒரு சாண் நுழைந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்கிறேன். என் வீடு என் கண்முன்னாலேயே இருபத்தேழு எண் தள்ளிப் போனதை என்னால் தடுக்க முடியவில்லை. சரி, வழியில் நின்று கூட்டிவந்துவிடலாம் என்று பார்த்தால், சீமந்தத்தன்று காலை கிழக்கு முனையில் ஜேசிபி வந்து நிற்கிறது. எங்கள் வார்டு கவுன்சிலர் ரேணுகப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு தேங்காய் உடைக்கிறார். பத்து நிமிஷத்தில் தெருவின் வாயில் குறுக்கே பள்ளம். "இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க ரேணுகப்பா, வீட்ல விசேஷம், சம்பந்தி வர்றாங்க" என்றேன். "அண்ணா, இன்னைக்கு நல்ல நாளுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. உங்களுக்கு மட்டும்தான் நல்ல நாளா?" என்றார். அந்த மனுஷனோடு பலகை போடச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி நான் பள்ளத்துக்குள் போய்விட்டேன். தாங்கள் மூன்று முறை போன் செய்த நேரம் அதுதான். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. தலைக்கு மேலே ஜேசிபி உறுமிக்கொண்டிருந்ததில் ஒன்றும் கேட்கவில்லை, இது சத்தியம்.

இதற்கு முன்பு தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் கொட்டும் மழையில் குடைக்குள். வழி தெரிந்த மாப்பிள்ளையோ பெங்களூரிலிருந்து மதியம்தான் வருவதாக இருந்தார். கிழக்கே பள்ளம் என்று தங்கள் கார் சுற்றிக்கொண்டு மேற்கே நுழைந்திருக்கிறது. பதினான்கு என்று புத்தம்புதுத் தகடு, வாசலில் பந்தல், உள்ளே சமையல் வாசனை. யாராக இருந்தாலும் இறங்கத்தான் செய்வார்கள். அது ரைஸ்மில் கெஞ்சப்பாவின் வீடு என்றும், அன்று அவருடைய பதினோராம் நாள் காரியம் என்றும் தங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டு மருமகள் மங்களா மறுநாள் வளையல் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதுதான் உள்ளே நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது. சம்பந்தியம்மா நேராகப் போய், சேலையும் மஞ்சளும் பச்சை வளையலும் வைத்த தட்டை கெஞ்சப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்களாம். படத்துக்கு மாலை போட்டிருக்கிறதே, யார் என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். "அவருதாங்க இன்னைக்கு நம்ம எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்து வெச்சவரு" என்று மங்களா சொல்லியிருக்கிறாள். குலத்துப் பெரியவராக்கும் என்று நினைத்துத் தாங்கள் கும்பிட்டிருக்கிறீர்கள். எங்களைக் காணவில்லையே என்று போன் செய்து பார்த்துவிட்டு, பந்தி வேலையில் இருப்போம் என்று இருந்துவிட்டீர்கள் போல.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா, "பொண்ணு எங்கம்மா, உள்ளேயா? நல்லாச் சாப்பிடறாளா?" என்று கேட்டிருக்கிறார்கள். செத்தவரின் மகளைத்தான் விசாரிக்கிறார்கள் என்று மங்களா நினைத்திருக்கிறாள்.

"பத்து நாளா ஒரே அழுகைங்க. நேத்துதான் ரெண்டு வாய் சாப்பிட்டா."

"முதல் தடவை இல்லையா, பயம் இருக்கும். நாம எல்லாரும் பட்டதுதானே."

"ஆமாங்க, எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதானே."

இப்படியே பேசிக்கொண்டு ராகி முத்தெ, அவரைக்காய்ச் சாறு எல்லாம் ஆகி, பாயசம் வரைக்கும் போயிருக்கிறது. பாயசம் ஊற்றியவர், "எங்க பெரியவருக்கு இனிப்புன்னா உசுரு, அதுலதான் போயே சேர்ந்தாரு" என்று சொன்ன பிறகுதான் தாங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்ததாக மங்களா சொன்னாள். நான் சேறோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாங்கள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தீர்கள். காரிய வீட்டை மிதித்த காலோடு மங்கள காரியத்துக்குள் வர மாட்டேன் என்றீர்கள். அது சம்பிரதாயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்து ஒன்று சொன்னீர்களே, அதுதான் பதினெட்டு நாளாக என் காதிலேயே இருக்கிறது. "காரே வந்து சேர முடியாத தெருவுக்கு ஆம்புலன்ஸ் எப்படிய்யா வரும்? என் மருமகளுக்கு இங்க பிரசவம் வேண்டாம்" என்றீர்கள். வினுதா புதுப் புடவையோடு காரில் ஏறினாள். தலையில் வைத்த பூ பாதி ஏறியும் பாதி தொங்கிக்கொண்டும் இருந்தது. கௌரம்மா பூரணம் வைத்துச் சுட்ட ஒப்பட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கார் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் பாதி தங்கள் மேல்தான், மறைக்க மாட்டேன். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதனால் மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் நகரசபைக்குப் போனேன்.

பள்ளத்தை நானே டேப் வைத்து அளந்தேன். நீளம் அறுபத்திரண்டு அடி, அகலம் நாலு, ஆழம் ஐந்து. வரைபடம் போட்டு மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். சாக்கடைக்காரர்கள் அது குடிநீர்க்காரர்களுடைய பள்ளம் என்றார்கள். குடிநீர்க்காரர்கள் கேபிள்காரர்களுடையது என்றார்கள். கடைசியில் இஞ்சினியர் என் வரைபடத்தை ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க சார். ஆனா உங்க தெருவுல பள்ளமே கிடையாது."

"நான் உள்ள விழுந்திருக்கேன்."

"விழுந்திருப்பீங்க. ஆனா தோண்ட உத்தரவே போடலையே. தோண்டாத பள்ளத்தை நான் எப்படி மூட உத்தரவு போடறது?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் போய், எங்கள் தெருவின் கிழக்கு முனையில் அறுபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு பள்ளம் தோண்டித் தரும்படி விண்ணப்பம் கொடுத்தேன். சம்பந்தி, தாங்கள் நம்ப மாட்டீர்கள், என் வாழ்நாளில் எந்த அரசாங்கக் காகிதமும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. நாலே நாளில் உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், இதோ உத்தரவு, அதோ பள்ளம், இப்போது மூடுங்கள் என்றேன். மூடினார்கள். மூடியதில் மண் மிஞ்சிவிட்டது. மிஞ்சிய மண்ணை அள்ளிக்கொண்டு போக லாரி இல்லை என்று அதை அப்படியே குவித்து, மேலே தார் ஊற்றி, வெள்ளைக் கோடு போட்டு, வேகத்தடை என்று பலகை நட்டுவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ரேணுகப்பா வந்தார், அதற்கும் ஒரு தேங்காய். அவருடைய ஸ்கூட்டரே அதில் அடி தட்டி நின்றது.

ஆம்புலன்ஸ் வருமா வராதா என்று வாயால் சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் நானே சோதித்தேன். எதிர் வீட்டு ஆட்டோவில் கௌரம்மாவை உட்கார வைத்து, மடியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய குடத்தைக் கொடுத்து, கிழக்குப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டிக்கொண்டு போனேன். எட்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் வேகத்தடையில் மட்டும் அரைக் குடம் தண்ணீர் கொட்டிவிட்டது. "பேத்தியோ பேரனோ இங்கேயே பொறந்துடும் போல" என்று கௌரம்மா ஈரப் புடவையோடு சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். பட்டப்பகலில்தான் வெட்டினேன், ஒளித்துச் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் கெஞ்சப்பாவின் மகன் கடப்பாரையோடு வந்து நின்றார். "எங்க அப்பா காரியத்துல உங்க சம்பந்தி சாப்பிட்டுட்டுப் போனாரு. அந்த உறவுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றார். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ரோடு இப்போது சமமாக இருக்கிறது. குடத்தோடு மறுபடி போய் வந்தோம், ஒரு சொட்டு சிந்தவில்லை.

நகரசபையின் வேகத்தடையைச் சேதப்படுத்தியதற்காக எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. புதன்கிழமை நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும். நோட்டீஸில் வீட்டு எண் பதினான்கு என்று போட்டிருந்ததால் அது முதலில் மங்களா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது. அவர்கள் கூப்பிட்டால் போகிறேன், அபராதம் போட்டால் கட்டுகிறேன், எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. சம்பந்தி, தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒரு சாதாரண அப்பன் நான். தொட்டிலுக்குக் கூடத்து விட்டத்தில் கொக்கி மாட்டி வைத்திருக்கிறேன். கௌரம்மா பழைய சேலைகளைத் துவைத்து மடித்து அடுக்கி வைத்திருக்கிறாள். தாங்கள் ஒரு நாள் வந்து தெருவைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு மாட்டேன் என்று சொன்னாலும் கட்டுப்படுகிறேன். பார்க்காமல் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று தங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் வினுதாவுக்கும், இன்னும் முகம் பார்க்காத குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டில் பாலும் நெல்லும் பெருகட்டும், தங்கள் தெருவில் எந்தக் கவுன்சிலருக்கும் நல்ல நாள் வராமல் இருக்கட்டும்.

தங்கள் விதேயன்,
ஜவரப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கௌரம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இதை எதுக்கு இவ்வளவு பக்கம் எழுதினீங்க?" என்று கேட்கிறாள். அவளும் சம்பந்தியம்மாவும் சீமந்தத்துக்கு மறுநாளிலிருந்தே தினமும் மதியம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பாயசம் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். பிரசவம் இங்கேதான் என்று போன வாரமே முடிவாகிவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வினுதாவைத் தாங்களே காரில் கொண்டுவந்து விடப் போகிறீர்களாம். தங்களுக்கு இன்னும் சொல்லவில்லையாம், சனிக்கிழமை ராகி ரொட்டி சுட்டுப் போட்டு மெதுவாகச் சொல்வதாகச் சம்பந்தியம்மா திட்டம். தயவுசெய்து என் மூலமாகத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நானும் இங்கே ஒன்றும் தெரியாதவன் போலத்தான் இருக்கப் போகிறேன்.